காடு படித்தவர்கள்

1856-ல் பர்மாவின் பெகு காடுகளுக்குள் ஒரு ஜெர்மானியர் யானை மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார். இடது கையில் நாலு குச்சிகள், வலது கையில் ஒரு மடக்குக் கத்தி. வழியில் தேக்கு மரம் தென்பட்டால் அதன் சுற்றளவைக் கண்ணாலேயே மதிப்பிடுவார். ஆறடிக்கு மேல் என்றால் முதல் குச்சியில் ஒரு வெட்டு. அதற்குக் கீழே என்றால் இரண்டாவது குச்சியில். இன்னும் சின்னது மூன்றாவதில், கன்று நாலாவதில். அந்த மழையில் காகிதம் ஊறிப்போகும், மை கரைந்துவிடும். குச்சிக்கு ஒன்றும் ஆகாது. சாயங்காலம் வெட்டுகளை எண்ணிக் கணக்கில் ஏற்றினால் போதும்.

அவர் பெயர் டீட்ரிச் பிராண்டிஸ். பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய மனைவி ரேச்சல், செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகள். ரேச்சலின் சகோதரியைக் கட்டியவர் ஜெனரல் ஹேவ்லாக். ஹேவ்லாக் வழியாகப் பேச்சு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்குப் போய், பெகு தேக்குக் காடுகளின் கண்காணிப்பாளர் வேலை பிராண்டிஸுக்குக் கிடைத்தது. இந்திய வனத்துறையின் மூலவரே சகலை சிபாரிசில்தான் உள்ளே வந்தார். வேலைக்கு அலையும் வனவியல் பட்டதாரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெகுவை ஆங்கிலேயர்கள் 1852-ல் பிடித்திருந்தார்கள். மர வியாபாரிகள் ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டார்கள். பிராண்டிஸ் கேட்ட கேள்வி எளிமையானது. மொத்தம் எத்தனை மரம் இருக்கிறது? ஒரு மரம் இரண்டாம் குச்சியிலிருந்து முதல் குச்சிக்கு வளர எத்தனை வருஷம் ஆகும்? அப்படியானால் காடு குறையாமல் வருஷத்துக்கு எத்தனை மரம் வெட்டலாம்? அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். அதுவரை இந்தியக் காடுகளில் யாரும் இப்படிக் கணக்குப் போட்டு வெட்டியதில்லை. கைக்கு எட்டிய வரைக்கும் வெட்டினார்கள்.

ஆனால் குச்சி நாலே நாலுதான். தேக்கு அல்லாத மரத்துக்குக் குச்சி கிடையாது. மூங்கிலுக்குக் கிடையாது. அந்தக் காட்டுக்குள் குடியிருந்த கரென் மக்களுக்கும் கிடையாது. இந்தியாவில் வன அறிவியல் என்று நாம் பாடமாகப் படிப்பது இந்த நாலு குச்சிகளிலிருந்து தொடங்குகிறது என்பது என் எண்ணம். எதை எண்ணுவது என்று முதலில் தீர்மானித்துவிட்டார்கள். யார் எண்ணுவது, யார் எண்ணுகிறவருக்கு வழி காட்டுவது, யார் யானைக்கு முன்னால் புதரை வெட்டிக்கொண்டு போவது என்பதும் அதோடு சேர்ந்தே தீர்மானமாகிவிட்டது.

குச்சி பிராண்டிஸின் தனிப்பட்ட யோசனையாக இருக்கலாம். அதன் பின்னால் இருந்த புத்தி ஜெர்மனியில் நூறு வருஷமாக ஊறிக்கிடந்தது. 1713-ல் சாக்சனியின் ஃப்ரைபெர்க் நகரத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் என்பவர் காடு வளர்ப்பு பற்றி ஒரு தடித்த புத்தகம் போட்டார். அவர் வனத்துறை ஆள் இல்லை, வெள்ளிச் சுரங்க நிர்வாகி. வெள்ளியை உருக்க விறகு வேண்டும், சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் வேண்டும். சுற்றியிருந்த மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. வளருகிற அளவுக்குத்தான் வெட்டவேண்டும் என்று அவர் எழுதினார். இன்றைக்கு ஐ.நா. சபை முதல் சோப்பு விளம்பரம் வரை எல்லோரும் சொல்லும் 'நீடித்த' என்கிற சொல்லின் பூர்வீகம் அந்தச் சுரங்கவாசல்தான். ஆரம்பமே காட்டின் மேல் உள்ள கரிசனம் அல்ல, உலை அணைந்துவிடுமோ என்கிற பயம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பயத்திலிருந்தும் நல்ல அறிவியல் பிறக்கும்.

அதே நூற்றாண்டில் ஜெர்மானியக் காடுகளில் வேலையாட்கள் இன்னொரு விதமாக எண்ணினார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஐந்து நிற ஆணிகள், நிறத்துக்கு ஒரு மர அளவு. வரிசையாக நடந்து மரத்துக்கு ஒரு ஆணி அடித்துக்கொண்டே போவார்கள். கடைசியில் பெட்டியில் மீதமிருக்கும் ஆணியை எண்ணினால் காட்டில் எத்தனை மரம் என்று தெரிந்துவிடும். கெட்டிக்கார முறைதான். பிறகு என்ன ஆயிற்றென்றால், எண்ணுவதற்கு வசதியாகக் காட்டையே மாற்ற ஆரம்பித்தார்கள். கலப்புக் காட்டை வெட்டிவிட்டு ஒரே வயதில், ஒரே இனத்தில், கோடு போட்டதுபோல ஊசியிலை மரம் நட்டார்கள். முதல் தலைமுறை பிரமாதமாக வளர்ந்தது. இரண்டாவது தலைமுறை பல இடங்களில் அப்படி வளரவில்லை. மண்ணில் பழைய காடு சேர்த்துவைத்திருந்ததை முதல் தலைமுறை தின்று தீர்த்திருந்தது. இது தெரியவர நூறு வருஷம் ஆயிற்று. மர விஷயத்தில் இதுதான் சங்கடம். தப்பு செய்தவர் உயிரோடு இருக்கும்போது தப்பு தெரியவராது.

இந்தப் படிப்புக்கு தாராண்ட்டில் ஹைன்ரிஷ் கோட்டா பள்ளி நடத்தினார். பிரெஞ்சுக்காரர்கள் 1824-ல் நான்சி நகரத்தில் தங்கள் வனப்பள்ளியைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ஒன்றும் இல்லை. கடல் முழுக்கக் கப்பல் விட்ட தேசத்துக்குக் காடு வளர்க்கத் தெரியாது, வெட்டத்தான் தெரியும். ஆகவே 1864-ல் இந்தியாவின் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆஃப் ஃபாரஸ்ட்ஸ் ஆனார் பிராண்டிஸ். அவருக்குப் பின் வில்லியம் ஷ்லிக், அவருக்குப் பின் பெர்டோல்ட் ரிப்பன்ட்ராப். வரிசையாக மூன்று ஜெர்மானியர்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் காடுகளை ஆண்டார்கள்.

அவசரம் ரயிலால் வந்தது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு ஏறத்தாழ 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். அவை தேக்கு, சால், தேவதாரு மாதிரியான சில மரங்களில்தான் நிற்கும், மற்றவற்றைக் கரையான் தின்றுவிடும். எஞ்சினுக்கும் பல இடங்களில் விறகுதான். காட்டைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் உடனே தேவைப்பட்டார்கள். 1867 முதல் இளம் ஆங்கிலேயர்களைத் தேர்ந்தெடுத்து நான்சிக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பிப் படிக்கவைத்து இந்தியாவுக்கு வரவழைத்தார்கள். 1885-ல் இங்கிலாந்திலேயே கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியில் ஷ்லிக் வனவியல் வகுப்பைத் தொடங்கினார். 1905-ல் அது ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிற்று. கொஞ்சம் யோசித்தால் வேடிக்கையாக இருக்கும்: இங்கிலாந்தின் வனவியல் கல்வியே இந்தியாவுக்காகப் பிறந்தது. அமெரிக்க வனத்துறையை உருவாக்கிய கிஃபோர்ட் பின்ஷோ இளைஞனாக ஐரோப்பாவுக்கு வந்தபோது அவரை நான்சிக்குப் போகச் சொன்னதும் ஓய்வுபெற்றிருந்த பிராண்டிஸ்தான். பெகுவின் குச்சி அட்லாண்டிக்கையும் தாண்டிவிட்டது.

மேலே இருந்து ஆணை போட ஐரோப்பாவில் படித்தவர்கள் வந்துவிட்டார்கள். நடுவில் நின்று வேலை வாங்க ஆள் வேண்டுமே? அதற்காகத்தான் 1878-ல் டேராடூனில் ஒரு வனப்பள்ளி. பிராண்டிஸின் யோசனை. முதல் தலைவர் ராணுவப் பொறியாளரான பெய்லி. அங்கே படிக்க வந்த இந்தியர்கள் படித்து முடித்து ரேஞ்சர் ஆகலாம். அதாவது நம் வழக்கில் வனச்சரகர். ஆங்கிலத்தில் ஒரு வகுப்பு ரேஞ்சர்களுக்கு, உள்ளூர் மொழியில் ஒரு வகுப்பு அதற்கும் கீழே உள்ள ஃபாரஸ்டர்களுக்கு, அதாவது வனவர்களுக்கு. அவர்களுக்கும் கீழே கார்டு, வாட்சர். அவர்களுக்குப் படிப்பே தேவையில்லை என்று வைத்தார்கள், ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே காட்டை அறிந்தவர்கள். காடு அதிகம் தெரிந்தவர் அடியிலும், காட்டைப் பற்றிய புத்தகம் அதிகம் படித்தவர் உச்சியிலும் இருக்கிற ஏணி அப்போது நட்டுவைத்தது. பள்ளியின் பெயர் 1884-ல் இம்பீரியல் ஃபாரஸ்ட் ஸ்கூல் ஆயிற்று, 1906-ல் ஆராய்ச்சி நிறுவனமும் கல்லூரியும் ஆயிற்று, 1929-ல் சினிமாக்காரர்கள் கல்லூரி என்றாலே போய் நிற்கிற அந்தப் பிரம்மாண்டமான செங்கல் கட்டடம் திறக்கப்பட்டது. ஏணியின் படிகள் மட்டும் அதே வரிசையில் இருந்தன.

இவ்வளவையும் நான் தோண்டக் காரணம் என் அக்கா மகள். பிளஸ் டூ மார்க் வந்த வாரம் போன் பண்ணினாள். "மாமா, ஃபாரஸ்ட்ரி படிச்சா ஃபாரஸ்ட் ஆபீசர் ஆயிரலாமுங்களா?"

ஆக முடியாது என்று சொல்லவில்லை. அந்தப் படிப்பு முடித்ததால் மட்டும் ஆக முடியாது என்றேன். இந்திய வனப்பணித் தேர்வை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. அதற்கு வனவியல் பட்டம் இருக்கலாம். இயற்பியல், கணிதம், வேதியியல், புள்ளியியல், விலங்கியல், வேளாண்மை, பொறியியல் எது வேண்டுமானாலும் இருக்கலாம். தேர்ச்சிப் பட்டியலைப் பார்த்தால் பொறியாளர்கள் நிறையவே இருப்பார்கள். தேர்வானபின் டேராடூனில் எல்லோருக்கும் காட்டைக் கற்றுக்கொடுப்பார்கள். "அப்ப நாலு வருஷம் அதையே படிச்சவங்களுக்கு என்னங்க மாமா மரியாதை?" என்றாள். நியாயமான கேள்வி. பதில் டேராடூன் பள்ளியின் பிறப்பிலேயே இருக்கிறது. வனப் படிப்பு இந்தியாவில் வேலைக்குத் தேர்ந்தெடுத்தவருக்குத் தரும் பயிற்சியாகத்தான் வந்தது, படித்தவருக்கு வேலை தரும் பட்டமாக வரவில்லை. அரசாங்கம் முதலில் ஆளைப் பிடிக்கும், பிறகு காட்டுக்கு ஏற்றபடி வடிக்கும். காட்டை முதலிலேயே படித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறவர் அந்தத் திட்டத்தில் கிடையாது.

தெற்கில் கதை வேறு மாதிரி தொடங்கியது, அதனாலேயே எனக்கு அதில் ருசி அதிகம். மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெக்ஹார்ன், மதராஸிலேயே பிறந்தவர், தொழில் வைத்தியம், ஆசை தாவரம். 1856-ல் பொறுப்புக்கு வந்தார். மலைச்சரிவைச் சுட்டுப் பயிரிட்டு, சில வருஷத்தில் அடுத்த சரிவுக்கு நகர்ந்துபோகும் குமரிச் சாகுபடி அவருக்கு ஆகாது. காடு அழிகிறது என்று எழுதி எழுதி, 1860 வாக்கில் அதற்கு அரசுத் தடை வரவைத்தார்.

இதே காலத்தில் பர்மாவில் பிராண்டிஸ் என்ன செய்தார் தெரியுமா? அங்கே கரென் மக்கள் அதே மாதிரிதான் மலையைச் சுட்டுப் பயிரிட்டார்கள். பர்மிய மொழியில் டாங்யா. பிராண்டிஸ் அவர்களைத் துரத்தவில்லை. சுட்ட நிலத்தில் நெல்லோடு சேர்த்துத் தேக்கும் நடச் சொன்னார். இரண்டு மூன்று வருஷம் பயிர் எடுத்துவிட்டு அவர்கள் நகர்ந்துபோகும்போது, களையெடுத்த தேக்குத் தோட்டம் வனத்துறைக்கு மிச்சம். கூலியும் பெரிதாக ஆகாது. இன்று உலகம் முழுக்க வனவியல் பாடப்புத்தகத்தில் டாங்யா ஒரு முறை. அதையே நம் மாகாணத்துத் தேக்குத் தோட்டங்களில் பிற்காலத்தில் செய்தபோது குமரி என்றே பேர் வைத்தார்கள். மலைவாசி செய்தால் குற்றம், துறை செய்யச் சொன்னால் தொழில்நுட்பம். கரென் மக்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்றால், தாங்கள் நட்ட காட்டுக்குள் மறுபடி பயிர் செய்யும் உரிமை போயிற்று.

நிலம்பூர் கதையும் இதே ஜாதிதான். மலபார் அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்தது. கலெக்டர் கொனோலி 1840-களில் தேக்குத் தோட்டம் போட நினைத்தார். கப்பல் கட்டத் தேக்கு வேண்டும், காட்டில் அது தீர்ந்துகொண்டிருந்தது. விதை முளைக்கவே மாட்டேன் என்றது. தேக்கு விதையின் ஓடு கல் மாதிரி இருக்கும். ஓட்டை உடைத்துப் பார்த்தார்கள், மேலே புல்லைப் போட்டுக் கொளுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் விதையை ஊறவைத்து, பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால் நாற்றங்காலில் போட்டு வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனன். உள்ளூர்க்காரர், எந்த ஐரோப்பியப் பள்ளியிலும் படித்தவர் இல்லை. டேராடூனில் பள்ளி வருவதற்கு முப்பது வருஷத்துக்கு முந்தி உலகத்தின் முதல் தேக்குத் தோட்டங்களில் ஒன்றை நிறுத்திக் காட்டினார். 1846-ல் நட்ட மரங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அந்த இடத்துக்குப் பெயர் கொனோலி பிளாட்.

அப்புறம் மதராஸ் ரெவின்யூ போர்டு. வருவாய்த்துறை அதிகாரிகள் என்றால் நமக்கு மனதில் ஒரு சித்திரம் இருக்கிறது, ஆனால் 1871-ல் அவர்கள் எழுதிய குறிப்பு ஆச்சரியமானது. இந்த மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு கிட்டத்தட்ட இல்லை, அவற்றின் மேல் அரசு சொத்துரிமை கொண்டாடியதற்குத் தடயமும் இல்லை என்றார்கள். காடு ஊருக்குச் சொந்தம் என்று வெள்ளைக்கார அதிகாரிகளே பேசிய ஒரு பத்து வருஷம் இங்கே உண்டு. அதனால்தான் 1878-ன் கடுமையான இந்திய வனச் சட்டம் மதராஸுக்குள் வரவில்லை. பிராண்டிஸே நேரில் வந்து சுற்றிப் பார்த்து, சமாதானம் பேசி, 1882-ல் மதராஸுக்குத் தனிச் சட்டம் வந்தது. நியாயமாகச் சொன்னால், ஊருக்கென்று தனிக் காடு ஒதுக்கவேண்டும் என்று பிராண்டிஸ் கடைசிவரை வாதாடினார். அவருடைய துறை அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒதுக்குக் காடுகள் வளர்ந்தன, ஊர்க்காடுகள் காகிதத்தில் நின்றன.

சட்டம் வந்தால் அதை அமலாக்க ஆள் வேண்டும். டேராடூன் தூரம், அங்கே கற்றுத்தரும் இமயமலை மரங்கள் இங்கே கிடையாது. 1912-ல் கோயம்புத்தூரில் மதராஸ் வனக் கல்லூரி தொடங்கியது. ஏற்கெனவே 1902 முதல் அங்கே ஒரு அருங்காட்சியகம் இருந்தது, வனப் பாதுகாவலர் காஸ் பெயரில். ஆர்.எஸ்.புரம் பக்கம் போகிறவர்கள் காஸ் மியூசியத்துக்கு ஒரு தரம் போய்வரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடம்செய்த காட்டெருமை முன்னால் கூடி நிற்பார்கள். எனக்கு மரத்துண்டுகள் முன்னால்தான் நேரம் போகும். ரகவாரியாக, இழைத்து, மெருகேற்றி, பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மரம் அல்ல, கட்டை. ஒரு மாணவன் இலையையும் பூவையும் பார்க்கும் முன்பே உள்ளே இருக்கும் ரேகையைப் பார்க்கப் பழகினான்.

ஆனால் அந்தக் காலத்து வன அதிகாரிகள் எல்லோரும் கட்டை மட்டும் பார்த்தவர்கள் என்று எழுதிவிட்டுப் போனால் அது அநியாயம். நான்சியில் படித்து, டேராடூன் பள்ளிக்குத் தலைவராக இருந்த காம்பிள் ஓய்வுபெற்றபின் மதராஸ் மாகாணத் தாவரங்களைத் தொகுத்தார். 1915-ல் வர ஆரம்பித்த அந்தத் தொகுதிகளை முடிக்கும் முன்பே அவர் இறந்துபோக, கோவையில் வன அதிகாரியாக இருந்த ஃபிஷர் மீதியை முடித்தார். தமிழ்நாட்டில் தாவரவியல் படித்த யாரையாவது கேளுங்கள், "காம்பிளில் பார்த்தாயா?" என்று வாத்தியார் அதட்டியது ஞாபகத்தில் இருக்கும். எந்தக் குச்சியிலும் வெட்டு விழாத ஆயிரக்கணக்கான செடிகொடிகளுக்கு அதில் இடம் உண்டு. பிராண்டிஸும் அப்படித்தான், 1906-ல், எண்பது வயது தாண்டியபின், இந்திய மரங்கள் பற்றிய தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டார். வேலையில் இருக்கும்வரை எண்ணினார்கள், ஓய்வில்தான் பார்க்க நேரம் கிடைத்ததோ என்னவோ.

ஆனைமலையில் வெட்டுமரங்களைச் சரிவில் உருட்டிவிட்ட டாப்ஸ்லிப்பில் ஹ்யூகோ வுட் என்கிற அதிகாரியின் சமாதி இருக்கிறது. 1915 வாக்கில் அவர் வந்தபோது மலை வெறுமையாகக் கிடந்தது. பை நிறையத் தேக்கு விதையோடு நடந்து, கைத்தடியால் குத்திய குழியில் விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று அங்கே இன்றும் சொல்வார்கள். என் நினைவுச்சின்னம் வேண்டுமென்றால் சுற்றிலும் பார் என்கிற பொருளில் சமாதியில் ஒரு லத்தீன் வரி. மனதைத் தொடத்தான் செய்கிறது. ஆனால் சுற்றிலும் பார்த்தால் தேக்கு, தேக்கு, தேக்கு. பழைய காட்டில் என்னென்ன இருந்தது என்பதை அந்த வரி சொல்லாது.

எனக்குப் பிடித்த வன விஞ்ஞானி சி.ஆர். ரங்கநாதன். மதராஸ் மாகாண வன அதிகாரி, பின்னாளில் டேராடூன் நிறுவனத்துக்கே தலைவராக இருந்தவர். 1938-ல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் நீலகிரியின் சோலைகளையும் புல்வெளிகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நீலகிரி மேட்டில் பள்ளத்தில் சோலை இருக்கும், மேட்டில் புல் இருக்கும், நடுவில் வேலி போட்டமாதிரி எல்லை. ஏன் இப்படி? ரங்கநாதன் சொன்ன காரணம் உறைபனி. சோலை மரக் கன்று திறந்தவெளியில் உறைபனியைத் தாங்காது. ஆகவே புல்வெளி என்பது காடு அழிந்த இடம் அல்ல, புல்வெளியாகவே முழுமையடைந்த இடம் என்றார். அதே வருஷம் டேராடூனின் தாவரவியலாளர் போர் மறுத்து எழுதினார்: எல்லாம் மனிதன் வைத்த நெருப்பால் வந்த புல், நெருப்பை நிறுத்தினால் மரம் வரும்.

வெறும் பண்டிதச் சண்டை மாதிரித் தெரியும். ஆனால் அதில் மாட்டியிருந்தது ஒரு மலை. புல்வெளி முழுமையான இடம் என்றால் அதைத் தொடக்கூடாது. அழிந்த காடு என்றால் அங்கே மரம் நடுவது புண்ணியம். சுதந்திரத்துக்குப் பின் விறகும், தோல் பதனிடப் பட்டையும், ரேயான் ஆலைக்குக் கூழ்மரமும் தேவைப்பட்டபோது அரசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லவேண்டியதில்லை. புல்வெளி மேல் சீகை என்கிற வாட்டிலும் தைலமரமும் ஏறின. தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் சுருங்கியது. இன்று அதே வாட்டிலை அகற்றுவதற்கு அரசுத் திட்டம், கொள்கை, நீதிமன்ற உத்தரவு எல்லாம் இருக்கின்றன. வெட்டினால் மறுபடி விதையிலிருந்து முளைத்து வருகிறது. ரங்கநாதன் சொன்னதைப் பற்றி இன்னும் விவாதம் உண்டு. ஆனாலும் 1938-லேயே ஒரு வன அதிகாரி மரம் இல்லாத நிலத்தையும் காட்டின் கணக்கில் சேர்த்தார் என்பது சின்ன விஷயம் இல்லை. படிப்பு அவரை அங்கே கொண்டுபோய்விட்டது. துறை அவர் பின்னால் போகவில்லை.

நம் காலத்து வனவியல் பட்டம் வந்த கதை இதற்குப் பிறகு. 1976-ல் தேசிய வேளாண் ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. காட்டுக்கு வெளியே, வயல் வரப்பில், ஏரிக்கரையில், புறம்போக்கில் மரம் வளர்க்கவேண்டும்; அதற்கு ஆள் வேண்டும்; ஆகவே வேளாண் பல்கலைக்கழகங்கள் வனவியல் சொல்லித்தரட்டும் என்றது. அப்படித்தான் 1985-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை வனவியல் வந்தது, 1990-ல் மேட்டுப்பாளையத்துக்கு, நீலகிரி அடிவாரத்துக்கு இடம்பெயர்ந்தது. முதல்முறையாக, துறைக்குள் சேராமலேயே ஒருவர் காட்டைப் படிக்கலாம். பெண்களும் படிக்கலாம். இந்திய வனப்பணிக்குள்ளேயே பெண்கள் 1980-ல்தான் நுழைந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய திறப்பு என்று புரியும்.

ஆனால் பட்டம் வந்ததே தவிர, ஏணியில் அதற்கென்று ஒரு படி போடவில்லை. தமிழ்நாட்டில் வனச்சரகர் ஆக டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வுக்குப் பெயர் வனத் தொழில் பழகுநர். பெயரிலேயே 1878 இருக்கிறது பாருங்கள், இன்னும் பழகுநர்தான். அந்த இடங்கள் வனவியல் படித்தவருக்கே என்று கேட்டு மேட்டுப்பாளையம் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து உட்கார்ந்ததெல்லாம் உண்டு. மற்ற அறிவியல் பட்டதாரிகளுக்கும் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. விலங்கியல் படித்தவருக்குக் காடு வேண்டாமா? எனக்கு இதில் மாணவர்கள் பக்கம்தான் சாய்வு. கால்நடை மருத்துவர் வேலைக்குக் கால்நடை மருத்துவம் படித்தவரைத்தான் கூப்பிடுகிறோம். காடு என்று வரும்போது மட்டும் யாரும் வந்து பழகிக்கொள்ளலாம் என்றால், அந்தப் படிப்பைப் பற்றி அரசு என்ன நினைக்கிறது?

நடைமுறையில் வனவியல் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கரூர் பக்கம் காகித ஆலைக்காக விவசாயிகளிடம் சவுக்கும் தைலமரமும் நடச்சொல்லி பைக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். வங்கியில் வேளாண் அலுவலராக உட்கார்ந்து டிராக்டர் கடன் கொடுக்கிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் காட்டின் பச்சையை அளக்கிறார்கள். கோவை வன மரபியல் நிறுவனத்தில் ஆராய்ச்சி உதவியாளராக வருஷாவருஷம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். சிலர் யு.பி.எஸ்.சி. எழுதி, 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடந்துகாட்டி, பெண்கள் 14 கிலோமீட்டர் நடந்துகாட்டி, உள்ளே போகிறார்கள். அந்த நடைத்தேர்வு எனக்குப் பிடிக்கும். மொத்த முறையிலும் கால் சம்பந்தப்பட்டது அது ஒன்றுதான்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். சேரு, ஆனால் ஆபீசர் கனவை மட்டும் நம்பிச் சேராதே, மரம் உனக்குப் பிடிக்குமா என்று பார்த்துக்கொண்டு சேரு என்றேன். சேர்ந்துவிட்டாள். முதல் செமஸ்டரில் அவளுக்கு மண்ணியல்தான் பிடித்திருக்கிறதாம்.

சில வருஷம் முன்னால் யானைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாகப் போயிருந்தேன். நாங்கள் நாலு பேர்: ஒரு வனக்காப்பாளர், ஒரு வனவியல் மாணவன், நான், முன்னால் வழிகாட்ட ஓர் இருளர் அண்ணன். அவர் வேட்டைத் தடுப்புக் காவலர், தற்காலிகப் பணி, பதினைந்து வருஷமாகத் தற்காலிகம். முறை என்னவென்றால், வரைபடத்தில் போட்ட நேர்கோட்டில் நடக்கவேண்டும், இருபக்கமும் தென்படும் யானை லத்தியை எண்ணவேண்டும், எத்தனை நாள் பழையது என்று தரம் பிரித்துப் படிவத்தில் கட்டம் கட்டமாகக் குறிக்கவேண்டும். நேர்கோடு, தரம், கட்டம். பெகுவில் நடந்தது எனக்கு ஞாபகம் வந்தது, ஆனால் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

மாணவன் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாளுங்களாண்ணா?" என்றான்.

"முந்தாநேத்து ராத்திரி. ரெண்டு பெருசு, ஒரு குட்டி. குட்டிக்குக் கால்ல ஏதோ நோவு" என்றார் அவர். எப்படித் தெரியும் என்று கேட்டான் பையன். நாலடி தள்ளி ஈரமண்ணில் இருந்த தடத்தைக் காட்டினார். ஒரு பாதம் மட்டும் ஆழமாகப் பதியவில்லை. அவன் உட்கார்ந்து, செல்போனில் படம் எடுத்து, படிவத்தின் ஓரத்தில் அதையும் எழுதினான். அதற்குக் கட்டம் இல்லை. நல்ல பையன், கடைசி வருஷம், அவனுக்கே அடுத்த வருஷம் என்ன வேலை என்று தெரியாது.

அவன் எழுதுவதை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்: "இதெல்லாம் எழுதிக் குடுத்தா எங்கள பர்மனன்ட் பண்ணுவாங்களா தம்பி?"

பையன் பேனாவை மூடினான். "அது வேற செக்சனுங்கண்ணா" என்றான். காப்பாளர் நேரமாகிறது என்று கையைக் காட்டினார். கோட்டில் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் பாக்கி இருந்தது.